அந்தப் படத்தை அழிக்கச் சொன்ன மருத்துவமனை நிர்வாகத்துக்கு

போன மாதம் உங்கள் மருத்துவமனையின் லேபர் வார்டுக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து, என் சித்தி மகளின் கணவர் தன் போனிலிருந்து ஒரு படத்தை அழித்தார். அழிக்க வைத்தது நீங்கள். 31 வாரம் வயிற்றில் இருந்து, துடிப்பு நின்றுபோய்ப் பிறந்த அவர்களுடைய முதல் குழந்தையின் படம் அது. பெண் குழந்தை. அவர் எடுத்திருந்தது அந்த ஒன்றுதான். "டிரேஷ்லயும் இருக்கும் சார், அதையும் காலி பண்ணிடுங்க" என்று பக்கத்திலேயே நின்று, ஆனதைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் ஊழியர் உள்ளே போனார். சுவரில் "செல்போனில் படம் எடுக்கத் தடை" என்று போர்டு இருந்தது உண்மைதான். அந்தப் போர்டை எதற்காக மாட்டினோம் என்பதை அன்றைக்கு அங்கே யாரும் யோசிக்கவில்லை.

தங்கை அந்தக் குழந்தையைப் பார்க்கவே இல்லை. பிறந்ததும் கேட்டிருக்கிறாள். "அப்புறம் காட்டறோம்மா, நீ ரெஸ்ட் எடு" என்றார்களாம். மதியத்துக்குள் சித்தப்பாவும் மாப்பிள்ளையும் குழந்தையை வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டுக் குளித்துவிட்டு வந்துவிட்டார்கள். நம் பக்கத்தில் பெற்றவள் மயானத்துக்குப் போவதில்லை. ஆக, அவள் மகளைப் பார்த்திருக்க முடிந்த ஒரே இடம் உங்கள் வார்டு. அதற்குப் பிறகு மிச்சமிருந்த ஒரே வழி அந்தப் படம். அது அழிந்த விஷயம் அவளுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

அன்று மாலையே நானும் சித்தியும் உங்கள் அலுவலகத்துக்கு வந்தோம். அங்கே இருந்தவர் மரியாதைக்குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. உட்காரச் சொன்னார், சித்திக்குத் தண்ணீர் கொடுத்தார். ஆனால் அவர் சொன்ன பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைக்கிறது. "ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம். இதெல்லாம் அந்த அமெரிக்க நடிகை இன்ஸ்டாகிராம்ல போட்டு ஆரம்பிச்சு வெச்சது. நம்ம ஊருக்கு எதுக்கு? பார்த்தா மறக்க முடியாது. அவங்க மறக்கிறதுதான் அவங்களுக்கு நல்லது."

உங்கள் மருத்துவமனையின் பெயரை நான் எழுதவில்லை. இதே போர்டும் இதே பதிலும் எத்தனையோ இடங்களில் இருக்கின்றன. நான் இதை எழுதுவது தெரிந்தால் தங்கைக்குச் சங்கடம் வருமோ என்று யோசித்து, அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுக்கா" என்றாள்.

முதலில் அந்த அமெரிக்கப் பெண்ணைப் பற்றிப் பேசிவிடலாம். உங்கள் அலுவலர் அவரைக் கேள்விப்பட்டிருக்கிறார், ஆனால் அவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளவில்லை.

அவர் பெயர் கிறிஸ்ஸி டீகன். மாடல், டிவி நிகழ்ச்சிகளில் வருகிறவர், சமையல் புத்தகங்கள் எழுதியவர். கணவர் ஜான் லெஜண்ட், பெரிய பாடகர். 2020-இல் மூன்றாவது முறையாகக் கர்ப்பமாக இருந்தார். நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியத் தொடங்கி ரத்தப்போக்கு ஆரம்பித்தது. வாரக்கணக்கில் படுக்கையிலேயே இருந்தார். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தம் ஏற்றியும் போக்கு நிற்கவில்லை. பாதிக் கர்ப்பத்தில், 20 வாரம் அளவில், இனி முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். குழந்தையை முன்கூட்டியே பிரசவித்தார். ஆண் குழந்தை. பிள்ளைகளுக்கு மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் நேரத்தில்தான் பெயர் முடிவு செய்வது அவர்கள் வழக்கமாம். இந்தப் பிள்ளையை மட்டும் வயிற்றில் இருக்கும்போதே ஜாக் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

செப்டம்பர் 30 அன்று அவர் அதை உலகத்துக்குச் சொன்னார். கூடவே சில கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒன்றில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கைகளைக் கோத்துக்கொண்டு அழுகிறார். இன்னொன்றில் போர்வையில் சுற்றிய சின்னப் பொதியைப் பிடித்தபடி அவரும் கணவரும் குனிந்திருக்கிறார்கள். நம் நேரப்படி அக்டோபர் 1 என்று நினைக்கிறேன், நான் அதைப் பார்த்தபோது குக்கரில் சாதம் வைத்திருந்தேன். எத்தனை விசில் வந்தது என்று தெரியாமல் அடிப்பிடித்துவிட்டது.

உலகம் முழுவதும் அவரைத் திட்டியவர்களும் உண்டு. "இந்த நேரத்தில் யாருக்காவது கேமரா ஞாபகம் வருமா?" "இதையும் விளம்பரம் ஆக்குகிறாள்." தமிழிலும் அந்தக் கருத்துகளைப் படித்தேன். அந்தக் கேமரா யாருக்கு ஞாபகம் வந்தது என்று அந்த மாதக் கடைசியில் அவரே ஒரு கட்டுரையில் எழுதினார். அவர்தான் கணவரிடமும் தன் அம்மாவிடமும் படம் எடுக்கச் சொன்னார். கணவருக்கு அது பிடிக்கவில்லை, தயங்கினார். இவர்தான் விடாமல், எடுத்தே ஆகவேண்டும் என்றார். இந்த நேரம் பின்னால் தனக்கு வேண்டியிருக்கும் என்று அந்த வலியிலும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதே நிலையில் இருந்தவர்களுக்கும், இது எப்படியிருக்கும் என்று உண்மையாகவே அறிய நினைப்பவர்களுக்கும்தான் இந்தப் படங்கள், மற்றவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்றும் எழுதியிருந்தார். சாம்பல் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கும் ஓர் அறை வேண்டும் என்று பார்த்து வாங்கிய புது வீட்டில் ஒரு மரத்தடி மண்ணில் அதைச் சேர்க்கப்போகிறோம் என்றும் எழுதியிருந்தார்.

இதில் ஒன்றை நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. இரண்டு வருடம் கழித்து, 2022 செப்டம்பரில், அதே பெண் வெளியில் வந்து சொன்னார்: அது தானாகக் கலைந்தது இல்லை, பிழைக்கவே வழியில்லாத குழந்தைக்காகத் தன் உயிரும் போய்விடக் கூடாது என்று செய்யப்பட்ட கருக்கலைப்பு, தனக்கே அது இப்போதுதான் புரிந்தது என்று. அவரைச் சுற்றி எத்தனை மருத்துவர்கள், எவ்வளவு வசதி! அப்படியிருந்தும் தன் உடம்பில் நடந்ததற்குச் சரியான பெயரைச் சொல்ல அவருக்கு இரண்டு வருடம் ஆனது. உங்கள் வார்டில் படுத்திருக்கிற 24 வயதுப் பெண்ணுக்கு, "பார்க்க வேண்டாம்" என்ற முடிவை அரை மணி நேரத்தில் அவளுக்குப் பதிலாக நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள். பிற்பாடு அவளுக்கு என்ன வேண்டியிருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

"அந்த நடிகை ஆரம்பித்து வைத்தது" என்பதும் சரியில்லை. 2011 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில், டிவி நிகழ்ச்சியில் வந்துகொண்டிருந்த டக்கர் என்ற குடும்பத்தில் இப்படியே கர்ப்பத்தின் பாதியில் ஒரு பெண் குழந்தை போனது. ஜூபிலி என்று பெயர் வைத்து அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். குழந்தையின் கையும் காலும் மட்டும் தெரிகிற கறுப்பு வெள்ளைப் படங்களை வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தப் படங்கள் வெளியே பரவியதும் அப்போதும் இதே வசவுகள்தான். எடுத்துக் கொடுத்தது "நௌ ஐ லே மீ டவுன் டு ஸ்லீப்" என்ற தன்னார்வ அமைப்பு. ஆறே நாள் வாழ்ந்த ஒரு குழந்தையின் பெற்றோர், உயிர்காப்புக் கருவியை எடுக்கும் முன் ஒரு படம் வேண்டும் என்று ஒரு புகைப்படக்காரரை மருத்துவமனைக்கு அழைத்தார்கள். அதிலிருந்து பிறந்தது 2005-இல் கொலராடோவில் தொடங்கிய இந்த அமைப்பு. தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் காசு வாங்காமல் வந்து எடுத்துக்கொடுக்கிறார்கள். அந்தப் படங்கள் பெரும்பாலும் ஏன் கறுப்பு வெள்ளையில் இருக்கின்றன தெரியுமா? அந்தக் குழந்தைகளின் தோல் கன்றிச் சிவந்து, சில இடங்களில் உரிந்தும் இருக்கும். கறுப்பு வெள்ளையில் அது அடங்கிவிடும், முகம் மட்டும் நிற்கும். இதை அறிந்தபோதுதான் எனக்குப் புரிந்தது, இதற்கென்று யோசித்து யோசித்து ஒரு பக்குவத்தைச் சிலர் உருவாக்கி வைத்திருக்கிறார்கள் என்று.

அப்படி யாரும் இல்லாத ஊரில் 2016-இல் நான் என் மகனைப் பெற்றேன்.

அது வேறு ஊர், வேறு மருத்துவமனை. 23-வது வாரத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது. பிறந்தபோது மூச்சில்லை. ஆயாம்மா அவனைக் கிட்னி ட்ரே என்கிற வளைந்த தட்டில் வைத்து, பச்சைத் துணியால் மூடி, என் கால்மாட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். துணியின் ஒரு மூலை விலகியிருந்தது. அதில் ஒரு குதிகால் தெரிந்தது, என் சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும். உள்ளங்காலில் ரேகை இருந்ததா என்று எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன். இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. என் மகன் என்றால் எனக்கு அந்தக் குதிகால்தான்.

மூன்றாம் நாள் பால் சுரந்தது. அதைப் பற்றி என்னிடம் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நெஞ்சு கல்லாகக் கனத்து, ஜாக்கெட் நனைந்து, காய்ச்சல் வந்துவிட்டது. அம்மா இரண்டு முழம் மல்லிகையை உதிர்த்துத் துணியில் பரப்பி மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். பால் வற்றுவதற்கு நம் வீடுகளில் செய்வதுதான். நாலு மாதத்துக்கு முன்னால், வளைகாப்புக்கு எவ்வளவு பூ சொல்லலாம் என்று கணக்குப் போட்டவர் அவர்.

டிஸ்சார்ஜ் காகிதத்தில் "அபார்ஷன்" என்று எழுதியிருந்தது. அலுவலகத்தில் அதைக் காட்டி ஆறு வாரம் விடுப்பு வாங்கினேன். அப்போது நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன்கள் சட்டம் கரு கலைந்த பெண்ணுக்கும் ஆறு வாரம் தந்தது, அது பெரிய உதவி. திரும்பி வேலைக்குப் போனால், எல்லாரும் நல்லெண்ணத்தோடு ஒரே மாதிரிதான் பேசினார்கள். "ஒண்ணும் ஆகலை. சீக்கிரம் அடுத்தது தங்கிடும்." என்னிடம் இருந்தது ஐந்தாம் மாத ஸ்கேன் படம் ஒன்று மட்டும். அது கடைகளில் பில் அடிக்கிற மாதிரிச் சூட்டில் அச்சாகும் தாள். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் வெளிறிப்போயிருந்தது. மூக்கு இருந்த இடத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு திட்டு. அவசர அவசரமாகப் போனில் அதைப் படம் பிடித்து வைத்தேன். இன்று என்னிடம் இருப்பது அந்தத் திட்டின் படம்.

"பார்த்தால் மறக்க முடியாது" என்றார் உங்கள் அலுவலர். பார்க்காத நானும் மறக்கவில்லை. பார்க்காததால் என் மனசு தானாக ஏதேதோ முகங்களை வைத்துப் பார்க்கிறது, அவ்வளவுதான். அதில் சில பயங்கரமாக இருக்கும். உண்மையான முகம் அப்படி இருந்திருக்காது.

உங்களைப் போலவே நினைத்துத்தான் மேலைநாட்டு மருத்துவமனைகளும் ஒரு காலத்தில் நடந்துகொண்டன. பெற்றவள் கண்ணில் காட்டாமல் எடுத்துப்போய், எங்கே புதைத்தோம் என்றுகூடச் சொல்லாமல் விட்டதெல்லாம் அங்கேயும் நடந்தது. பெற்றோர் கூடிப் பேசிப் பேசித்தான் மாற்றினார்கள். பிரிட்டனில் 1978-இல் தொடங்கிய சாண்ட்ஸ் அமைப்பு அப்படி வந்ததுதான். இன்றைக்கு அங்கே பல பிரசவ வார்டுகளில் குளிரூட்டிய சின்னத் தொட்டில் இருக்கிறது. குழந்தையின் உடல் கெடாமல் ஒரு நாள், இரண்டு நாள் அம்மாவின் பக்கத்திலேயே வைத்திருக்கலாம். இங்கிலாந்தில் 2024 பிப்ரவரியிலிருந்து, 24 வாரத்துக்கு முன்பே போன கருவுக்கும் பெற்றோர் விரும்பினால் அரசு ஒரு சான்றிதழ் தருகிறது.

நீங்கள் மருத்துவர்கள், ஆராய்ச்சியைப் பார்ப்பவர்கள். ஆகவே எனக்குச் சாதகமில்லாததையும் சொல்லிவிடுகிறேன். 2002-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இறந்து பிறந்த குழந்தையைக் கையில் வாங்கிய தாய்மாருக்கு அடுத்த கர்ப்பத்தில் மனச்சோர்வு அதிகமாக இருந்ததாக அது சொன்னது. குறைந்த எண்ணிக்கையிலான பெண்களை வைத்துச் செய்தது. அதைப் பார்த்து, இப்படிப் பார்க்கவும் தூக்கவும் எல்லாரையும் வழக்கமாக ஊக்குவிக்க வேண்டாம் என்று 2007-இல், பிரிட்டனில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு வழிகாட்டுதலும் கொடுத்தது. தாய்மார்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள், வேறு ஆய்வுகளும் வந்தன. இந்தச் சண்டையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: எந்தப் பெண்ணையும் பார் என்று வற்புறுத்தக் கூடாது. பார்க்க வேண்டாம் என்பவளுக்கும் அதே மரியாதை வேண்டும். என் பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா, "எனக்கு வேண்டாம், காட்டாதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் செய்தது அவருக்குச் சரி. அவரிடம் கேட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை, தங்கையிடமும் கேட்கவில்லை.

அப்புறம் "நம்ம ஊருக்கு எதுக்கு?" என்ற கேள்வி. இதற்குத்தான் எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது.

இறந்தவரைப் படம் எடுப்பது நமக்குப் புதிதா? எங்கள் தாத்தா இறந்தபோது அவரைக் குளிப்பாட்டி, விபூதி பூசி, மாலை போட்டு, நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டி, இரண்டு பக்கமும் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் நிற்க ஸ்டூடியோக்காரரை வரவழைத்துப் படம் எடுத்தார்கள். நான் முன்வரிசையில் பாவாடையோடு நிற்கிறேன். அந்தப் படம் இன்னும் ஊரில் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஒருவர் போனால் அன்று மாலைக்குள் தெருவெல்லாம் "கண்ணீர் அஞ்சலி" போஸ்டர் ஒட்டுகிற ஊர் நம்முடையது. வருடாவருடம் நினைவு நாளுக்குப் பேப்பரில் படத்தோடு விளம்பரம் கொடுக்கிறோம். வாசலில் பந்தல் போட்டு, தெருவே கூடியிருக்க, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தவர்கள் நம் பாட்டிமார்கள். துக்கத்தை ஊருக்கு முன்னால் வைப்பதும் இறந்த முகத்தைப் படமாக வைத்துக்கொள்வதும் நம்மிடம் அமெரிக்காவிலிருந்து இன்ஸ்டாகிராம் வழியாக வந்து சேரவில்லை. எண்பது வயதில் போனவருக்கு உள்ள அந்த உரிமை, பிறக்கும்போதே போனவளுக்கு இல்லை என்று மட்டும்தான் நீங்கள் சொல்கிறீர்கள்.

அதுவும் நம் பழைய எண்ணம் இல்லை. புறநானூற்றின் 74-ஆம் பாட்டு, சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது, பள்ளியில் படித்திருப்பீர்கள். குழந்தை இறந்து பிறந்தாலும், உருவமே இல்லாத தசைப் பிண்டமாகப் பிறந்தாலும், "ஆள் அன்று" என்று விட்டுவிடாமல் வாளால் வெட்டி வீரருக்கு உரிய அடக்கம் செய்த குலம் தன்னுடையது என்கிறார். அது போர்க்குலத்தின் மானத்துக்காகச் செய்தது, தாயின் மனசுக்காகச் செய்ததில்லை, தெரியும். ஆனாலும் அவர்கள் அதை ஆள் என்று எண்ணினார்கள். சட்டமும் ஒரு வகையில் எண்ணுகிறது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, 28 வாரம் கடந்து இறந்து பிறந்த குழந்தையைப் பதிவு செய்தாக வேண்டும். தங்கையின் மகளுக்கு நீங்களும் அந்தப் படிவத்தை நிரப்பியிருப்பீர்கள். பதிவேட்டில் இடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் போனில் இருந்த இடத்தைப் பறித்துக்கொண்டீர்கள்.

இது ஏதோ அபூர்வமாக நடப்பது என்றும் சொல்ல முடியாது. 2020 அக்டோபரில், டீகனின் படங்கள் வந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில், யுனிசெஃபும் உலகச் சுகாதார நிறுவனமும் இன்னும் சில அமைப்புகளும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. அதன் கணக்குப்படி அப்போது உலகில் வருடத்துக்கு ஏறக்குறைய 20 லட்சம் குழந்தைகள் இறந்து பிறந்தன, அதாவது 16 வினாடிக்கு ஒன்று. 2019-இல் இந்தியாவில் மட்டும் சுமார் 3.4 லட்சம், எண்ணிக்கையில் உலகிலேயே அதிகம். 28 வாரத்துக்கு முன்னால் போனவை இந்தக் கணக்கில் வராது. என் மகன் வரமாட்டான், டீகனின் ஜாக்கும் வரமாட்டான். இத்தனை வீடுகளில் நடந்தும் நான் நேரில் பார்த்த படம் ஒன்றுகூட இல்லை என்றால், பெண்களுக்கு அது வேண்டாம் என்று அர்த்தமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோவுக்குப் பிறந்த இரட்டையரில் ஆண் குழந்தை இறந்துபோனது. அடுத்த நாள் லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில், ஏழாவது நிமிடத்தில், எதிரணி ரசிகர்கள் உட்பட மைதானமே எழுந்து ஒரு நிமிடம் கைதட்டியது. பார்க்கவே நெகிழ்ச்சியாக இருந்தது. அவர் படம் எதுவும் போடவில்லை, எழுத்தில்தான் சொன்னார், ஆகவே இரண்டையும் அப்படியே சமமாக வைக்க முடியாது. ஆனாலும் எனக்கு ஓர் எண்ணம் ஓடியது: அப்பா சொன்னால் எழுந்து நிற்கிறார்கள். அம்மா காட்டினால், ஏன் காட்டினாய் என்கிறார்கள்.

சரி, உங்கள் போர்டுக்கு வருவோம். அதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. லேபர் வார்டில் மற்றப் பெண்கள் இருக்கிறார்கள். திரை விலகிய நேரத்தில் எவனாவது போனைத் தூக்கினால் அது குற்றம். பிறந்த குழந்தைகளின் பாதுகாப்பு இருக்கிறது. படம் வெளியே போய், தலையும் காலும் தெரியாத யாராவது யூடியூபில் சிவப்பு வட்டம் போட்டு "மருத்துவமனையின் அலட்சியம்" என்று தலைப்பு வைத்துவிடுவார்களோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். அந்தப் பயம் நியாயமானது. பிரபலங்கள் வீட்டுக் கர்ப்பத்தையும் கருச்சிதைவையும் வைத்துச் சம்பாதிக்கிற சேனல்களைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அந்தச் சேனல்காரர்கள் எடுத்துக்கொள்வது அடுத்தவர் துக்கத்தை. டீகன் காட்டியது தன் துக்கத்தை. என் தங்கையின் கணவர் யாருக்கும் காட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதை நாளைக்கு ஃபிரேம் போட்டு மாட்டுவாரா, பீரோவில் பூட்டி வைப்பாரா, உலகத்துக்கே காட்டுவாரா என்பது அவரும் அவர் மனைவியும் முடிவு செய்ய வேண்டியது.

சிகிச்சையில் குறை சொல்லி வழக்கு வரும் என்ற எண்ணத்தில் படத்துக்குப் பயப்படுகிறீர்கள் என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தாயின் நன்மைக்காக என்று சொல்லாதீர்கள். தங்கையின் பிரசவத்தில் உங்கள் மருத்துவர்கள் குறை வைத்ததாக நாங்கள் நினைக்கவில்லை. ராத்திரி முழுக்க அவள் பக்கத்திலேயே இருந்த டாக்டரம்மாவை அவள் இன்னும் நன்றியோடுதான் சொல்கிறாள்.

உங்களிடம் நான் கேட்பது இவை.

அந்தப் போர்டு இருக்கட்டும். அதன் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்: குழந்தையை இழந்த பெற்றோர் செவிலியரிடம் சொல்லிவிட்டுத் தங்கள் குழந்தையைப் படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு திரையோ, பத்து நிமிடம் ஒரு தனி அறையோ போதும். எடுத்த படத்தை அழிக்கச் சொல்லும் அதிகாரம் உங்கள் ஊழியர் யாருக்கும் இல்லை என்று எழுத்தில் கொடுங்கள்.

துடிப்பு நின்றது தெரிந்த உடனேயே, பிரசவத்துக்கு முன்பே, அந்தப் பெண்ணிடம் நேராகக் கேளுங்கள். கணவரிடம், மாமியாரிடம், அப்பாவிடம் கேட்டு முடித்துவிடாதீர்கள். பார்க்க வேண்டுமா, தூக்க வேண்டுமா, படம் வேண்டுமா? வேண்டாம் என்றால் சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். மறுபடியும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டாம் என்றவளுக்காகவும் ஒரு படம் எடுத்து, உறையில் ஒட்டி அவளுடைய ஃபைலில் வைக்கலாமா என்று அவளிடமே அனுமதி கேளுங்கள். ஐந்து வருடம் கழித்து அவள் வந்து கேட்கலாம். வராமலும் போகலாம். தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

குழந்தையைக் கிட்னி ட்ரேயில் கொண்டுபோகாதீர்கள். எத்தனை வாரமாக இருந்தாலும் ஒரு துணியில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு போங்கள். உயிரோடு பிறந்த குழந்தைகளுக்கு எடுப்பது போலப் பாதத்தில் மை தடவி ஒரு தாளில் பதித்துக் கொடுக்க உங்களுக்கு ஆகப்போவது இரண்டு நிமிடம்.

பால் சுரக்கும் என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்னால் சொல்லி அனுப்புங்கள். அவளை மற்றத் தாய்மார் இருக்கும் வார்டில், தொட்டில் இருக்கிற கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள்.

அடக்கத்துக்குக் கொடுக்கும் முன்பு தாயிடம் ஒரு தடவை கேட்டாயிற்றா என்பதற்கு அந்தப் படிவத்தில் ஓர் இடம் விடுங்கள். அதில் அவளுடைய கையெழுத்து வேண்டும்.

தங்கை வருகிற 14-ஆம் தேதி உங்களிடம் செக்கப்புக்கு வருகிறாள். அவள் மகளை அன்று துடைத்துச் சுற்றிக் கொடுத்த செவிலியரை ஐந்து நிமிடம் அவளோடு பேச அனுமதியுங்கள். முடி இருந்ததா, யார் ஜாடை என்று அவளுக்குக் கேட்க வேண்டும். இதை மட்டும் யோசித்துச் சொல்கிறோம் என்று தள்ளிவிடாதீர்கள், அந்தச் செவிலியருக்கும் நாளாக ஆக மறந்துபோகும்.

படத்தை அழிக்கச் சொன்ன ஊழியர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். போர்டில் இருந்ததைத்தான் அவர் செய்தார். அவர் வேலையை விட்டு எடுக்கப்பட்டதாகக் கேள்விப்பட்டால் நான் மறுபடியும் எழுத வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
2016-இல் ஒரு மகனைப் பெற்றவள்